மான்செஸ்டர் போகிறவனிடம் அமெரிக்க விசா கேட்டார்கள்

"அமெரிக்க விசா, கனடா விசா ஏதாவது இருக்கா, சார்?"

2022 டிசம்பரில் ஓர் இரவு, சென்னை விமான நிலையத்தின் செக்-இன் கவுண்டரில் இருந்த இளம்பெண் என்னிடம் இப்படிக் கேட்டபோது, அவர் வேறு யாருடைய பாஸ்போர்ட்டையோ கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். நானும் என் மனைவியும் போக வேண்டியது இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கு. அங்கே முதுகலை முடித்திருந்த எங்கள் மகளின் பட்டமளிப்பு விழாவுக்கு இன்னும் நான்கு நாள்கள் இருந்தன. இருவர் பாஸ்போர்ட்டிலும் பிரிட்டன் விசா ஒட்டப்பட்டிருந்தது. போக வர டிக்கெட், மகளின் முகவரி, விழாவுக்கான அழைப்புக் கடிதம், காப்பீட்டுப் பத்திரம், ஓய்வூதிய ஆணையின் நகல் என்று எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வரிசையாக அடுக்கியிருந்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்தவன் ஆகையால், யாரும் கேட்காத காகிதத்தையும் எடுத்துச் செல்வது என் வழக்கம். அன்று கேட்கப்பட்டது மட்டும் என்னிடம் இல்லை.

இல்லை என்றதும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவோ ஜப்பான் விசாவோ, பழைய பாஸ்போர்ட்டில் இருந்தால்கூடப் பரவாயில்லை, இருக்கிறதா என்று கேட்டார். நாங்கள் ஜெர்மனிக்குள் போகப்போவதில்லை, பிராங்ஃபர்ட் விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த விமானத்தில் ஏறப்போகிறோம், அவ்வளவுதான் என்று, அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுப்பவனைப் போல விளக்கினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மேற்பார்வையாளரை அழைத்தார். வந்தவர் அதிகம் பேசவில்லை. கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். இந்தியப் பாஸ்போர்ட், புறப்படும் இடம் சென்னை, மாறும் இடம் ஜெர்மனி, சேரும் இடம் பிரிட்டன், கையில் உள்ளது பிரிட்டன் விசா என்று பதிந்ததற்கு அந்தத் திரை அளித்த விடை, விமான நிலைய ட்ரான்சிட் விசா தேவை என்பதுதான்.

என் அண்ணன் 2018இல் இதே ஊருக்கு, இதே பிராங்ஃபர்ட் வழியாக, இதே வகை விசாவுடன் போய் வந்தார் என்று சொன்னேன். சற்றுக் குரலை உயர்த்தித்தான் சொன்னேன் என்று மனைவி பின்னர் நினைவூட்டினாள்.

"2018ல சரிதான் சார். அப்போ பிரிட்டன் ஐரோப்பிய யூனியன்ல இருந்தது" என்றார் மேற்பார்வையாளர்.

அதற்கு மேல் வாதாட என்னிடம் எதுவும் இல்லை. வங்கிக் கவுண்டரில் அமர்ந்திருந்த காலத்தில், போன முறை இதே காகிதத்தை வாங்கிக்கொண்டீர்களே என்று கேட்டவர்களிடம், ஒன்றாம் தேதியிலிருந்து விதி மாறிவிட்டது, சர்க்குலர் வந்துவிட்டது என்று நான் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன் என்று கணக்குப் பார்க்க முடியாது. அந்தச் சொற்களைக் கவுண்டரின் மறுபுறம் நின்று கேட்பது எப்படி இருக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது.

விதியின் பின்னணியைப் பிற்பாடு நிதானமாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு நாட்டின் எல்லைக்குள் நுழையாமல், விமான நிலையத்தின் பன்னாட்டுப் பகுதியிலேயே இருந்து விமானம் மாறுவதற்குக்கூட விசா கேட்கும் உரிமை ஐரோப்பிய விசாச் சட்டத்தில் உண்டு. 1996இல் ஐரோப்பிய நாடுகள் கூடி முதன்முதலாக இதற்கென ஒரு பொதுப் பட்டியலை வகுத்தபோது அதில் பத்து நாடுகள் இருந்தன. 2009இல் இயற்றப்பட்ட விசாச் சட்டத்தில் அது பன்னிரண்டாக ஆயிற்று. இலங்கை இரண்டு பட்டியல்களிலும் இருந்தது. போரால் துரத்தப்பட்டுப் புறப்பட்ட ஈழத்தமிழர்கள் பலர் இடைவழி விமான நிலையங்களில் அடைக்கலம் கோரியதை அறிந்தவர்களுக்கு, அந்தப் பெயர் ஏன் அங்கே வந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியா அந்தப் பொதுப் பட்டியலில் இல்லை. ஆனால் உறுப்பு நாடுகள் தத்தம் விருப்பப்படி கூடுதல் நாடுகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் இடம் தருகிறது. அந்த வழியில் ஜெர்மனியும் பிரான்சும் இந்தியர்களிடம் ட்ரான்சிட் விசா கேட்டுவந்தன. ஆகவே, ஐரோப்பா வழியாகப் போகலாமா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த நாட்டு விமான நிலையம் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

இந்த விசாவுக்கு விலக்குகளும் உண்டு. செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா, ஜப்பான் விசாக்களில் ஒன்று இருந்தால் ட்ரான்சிட் விசா வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்த நாடுகளின் விசாவுக்கும் அதே சலுகை. கவுண்டரில் இருந்த பெண் சம்பந்தமில்லாதது போல அமெரிக்க விசாவைக் கேட்டது இதனால்தான்: எங்களை ஏற்றுவதற்கு ஏதேனும் வழி கிடைக்குமா என்றுதான் அவர் தேடியிருக்கிறார். பிரிட்டன் ஒன்றியத்தில் இருந்தவரை பிரிட்டன் விசாவும் அந்தச் சலுகைக்குள் அடங்கியது. 2020 ஜனவரி 31ஆம் நாள் பிரிட்டன் வெளியேறியது. இடைக்கால ஏற்பாடு அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் நாள் முடிந்தது. அத்துடன் சலுகையும் போயிற்று. அண்ணன் 2018இல் போனதற்கும் நான் 2022இல் நின்றதற்கும் இடையே நடந்தது இவ்வளவுதான். பிரெக்ஸிட் பற்றிச் செய்தித்தாளில் பக்கம் பக்கமாகப் படித்தவன் நான்; அது மந்தைவெளிக்காரன் ஒருவனின் பயணத்தைத் தொடும் என்று ஒரு கணமும் நினைத்ததில்லை.

எங்களுக்குப் பக்கத்து வரிசையில் நின்ற இளைஞர் ஒருவரிடமும் அதே கேள்வி கேட்கப்பட்டது. அவர் காலாவதியான பழைய பாஸ்போர்ட் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார்; அதில் இருந்த அமெரிக்க விசாவுக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆயுள் இருந்தது. இரண்டு நிமிடத்தில் போர்டிங் பாஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பழைய பாஸ்போர்ட்டைப் பரணில் போட்டுவிட்டு வருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

வேறு வழி ஏதும் உண்டா என்று கேட்டேன். பொறுப்பை நானே ஏற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுக்கிறேன் என்றும் சொன்னேன். அது செல்லாது என்றார். விசா இல்லாதவரை ஏற்றிச் சென்றால் விமான நிறுவனம் அவரைத் தன் செலவில் திருப்பி அழைத்து வருவதோடு அபராதமும் கட்ட வேண்டும். 2001இல் ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பித்த ஆணை, இத்தகைய அபராதத்தின் கீழ்வரம்பு ஒரு பயணிக்கு 3,000 யூரோவாகவோ, மேல்வரம்பு 5,000 யூரோவுக்குக் குறையாமலோ இருக்க வேண்டும் என்கிறது. கவுண்டரில் இருப்பவரின் இரக்கத்துக்கு அங்கே இடமில்லை. அந்த விசாவை அவசரமாக வாங்கவும் முடியாது. அதற்கும் சாதாரண ஷெங்கன் விசாவைப் போலவே விண்ணப்பம், நேர முன்பதிவு, அன்றைய கட்டணமான 80 யூரோ, பதினைந்து நாள்கள்வரை காத்திருப்பு எல்லாம் உண்டு. ஜெர்மானியத் துணைத் தூதரகம் அமைந்துள்ள போட் கிளப் சாலையில்தான் நான் தினமும் காலை நடை போகிறேன் என்பதை நினைத்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மேற்பார்வையாளர் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லியாக வேண்டும். கவுண்டர் மூடுவதற்குள் டிக்கெட்டை ரத்துச் செய்துவிடுங்கள், வராத பயணி என்று பதிவாகிவிட்டால் உங்களுக்குத்தான் நட்டம் என்றார். ஒரே டிக்கெட்டின் முதல் கட்டத்தில் பயணம் செய்யாவிட்டால் திரும்பி வரும் கட்டமும் தானாக ரத்தாகிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. நான் நேரே மகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டுத் திரும்பும்போது பழைய டிக்கெட்டைப் பயன்படுத்தலாம் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ரத்தாகாமல் இருந்திருந்தாலும் அது உதவியிருக்காது, ஏனெனில் திரும்பும் வழியும் பிராங்ஃபர்ட்தான். டிக்கெட் எடுத்த இணையதளத்தின் உதவி எண்ணில் இருபது நிமிடம் இசை கேட்டு, கடைசியில் ரத்துச் செய்தேன். என்ன காரணத்துக்காக, எத்தனை மணிக்கு ஏற்ற மறுத்தார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டேன். வங்கிப் புத்தி அந்த ஓர் இடத்தில் உதவியது.

விமான நிலையத்துக்குள் ஒருமுறை நுழைந்துவிட்டால் நாமாக வெளியே வந்துவிட முடியாது. நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் கூடவே வந்து, வாசலில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினரின் பதிவேட்டில் பெயரும் விமான எண்ணும் காரணமும் எழுதிய பிறகுதான் விட்டார்கள். எங்களை இறக்கிவிட்டு வீடு போய்ச் சேர்ந்திருந்த மருமகன் மீண்டும் காரை எடுத்துக்கொண்டு வந்தான். ஊறுகாயும் வடாமும் பருப்புப் பொடியும் அடங்கிய நான்கு பெட்டிகளை அவன் மறுபடி ஏற்றும்போது மனைவி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுக்ககத்தின் வாசலில் காவலாளி எழுந்து நின்று, "விமானம் லேட்டா சார்?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பால், செய்தித்தாள் எல்லாவற்றையும் ஒரு மாதத்துக்கு நிறுத்தியிருந்தோம். குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்துக் காலியாக்கி மின்சாரத்தையும் துண்டித்திருந்தோம். விடியற்காலையில் வறக்காப்பி குடித்துக்கொண்டே மகளிடம் பேசினோம். அவள் அழவில்லை. "அப்பா, இன்னும் மூணு நாள் இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

காலையில் மருமகன் மடிக்கணினியுடன் வந்து உட்கார்ந்தான். அவன் முதலில் காட்டியது மிகவும் மலிவான ஒரு வழி: குறைந்த கட்டண விமானம் ஒன்றில் வளைகுடா நகரம் ஒன்று வரை, அங்கிருந்து வேறொரு நிறுவனத்தில் தனி டிக்கெட்டில் மான்செஸ்டர் வரை. "மாமா, பதினெட்டாயிரம் மிச்சம்" என்றான். முந்தைய இரவு இல்லாதிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். டிக்கெட்டுகள் தனித்தனியாக இருந்தால், முதல் விமானத்தில் ஏற்றிய பெட்டிகள் பெரும்பாலும் இறுதி ஊர்வரை போகாது. இடையில் இறங்கி, குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி பதிய வேண்டியிருக்கும். வெளியே வருவது என்றால் அந்த நாட்டுக்குள் நுழைவது; அதற்கு அந்த நாட்டு விசா வேண்டும். ட்ரான்சிட் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது அங்கே ட்ரான்சிட்டே இல்லை. ஆகவே ஒரே டிக்கெட்டில், பெட்டி நேரே மான்செஸ்டர் போய்ச் சேரும்படி, வளைகுடா வழியாகவே எடுத்தோம். முதல் முறை நாங்கள் பிராங்ஃபர்ட்டைத் தேர்ந்தெடுத்ததற்கான ஒரே காரணம், வளைகுடா வழியைவிட இருவருக்குமாக ரூ. 13,000 குறைவாக இருந்ததுதான். கடைசி நேரத்துப் புதிய டிக்கெட்டுகளுக்கு ரூ. 1,74,000 ஆயிற்று.

இழப்பீடு கிடைக்காதா என்று உறவினர்கள் ஆளாளுக்குக் கேட்டார்கள். கிடைக்காது. இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகளில், ஏற்ற மறுக்கப்பட்ட பயணிக்கு ரூ. 20,000 வரை இழப்பீடு என்று இருப்பது, இருக்கைகளுக்கு மேல் டிக்கெட் விற்றுவிட்டு இடமில்லை என்று சொல்லும் நிலைமைக்கானது. ஐரோப்பாவின் 2004ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் நீண்ட தூரப் பயணத்துக்கு 600 யூரோ என்று இருப்பதும் அப்படியே. பயண ஆவணங்கள் போதாமையால் மறுக்கப்பட்டவருக்கு அது பொருந்தாது என்று அந்த ஒழுங்குமுறையே வரையறைப் பகுதியில் சொல்லிவிடுகிறது. என் காப்பீட்டுப் பாலிசியும் அதையே சொன்னது. இணையதளத்தில் டிக்கெட் வாங்கும்போது, ஆவணங்களுக்குப் பயணியே பொறுப்பு என்ற வரிக்கு எதிரே உள்ள கட்டத்தில் நான் குறியிட்டிருந்தேன். பிறரிடம் கையெழுத்து வாங்குமுன் படித்துப் பாருங்கள் என்று சொல்லியே ஓய்வு பெற்ற எனக்கு அது உறைக்கவே செய்தது.

ஆனால் ஒரு தொகை திரும்பி வந்தது. அடிப்படைக் கட்டணம் போனாலும், பறக்காத பயணத்துக்கான அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் கேட்டு வாங்கலாம். கேட்காவிட்டால் யாரும் நினைவூட்டப் போவதில்லை. எங்கள் டிக்கெட்டில் பிரிட்டன் அரசு வசூலிக்கும் விமானப் பயணிகள் வரி மட்டும் தலைக்கு 84 பவுண்டு இருந்தது. நான்கு மின்னஞ்சல்கள், ஏழு வாரங்கள், முடிவில் ரூ. 23,000 வந்து சேர்ந்தது.

மேற்பார்வையாளர் திருப்பிக் காட்டிய அந்தத் திரையில் இருந்தது டிமாட்டிக் என்ற தரவுத்தளம். பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா 1963 முதல் நடத்திவருவது அது. உலகெங்கும் கவுண்டர்களில் அமர்ந்திருப்போர் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான். தூதரகத்தின் இணையப் பக்கம் நமக்குச் சாதகமாக இருந்தாலும், கவுண்டரில் பேசுவது அந்தத் திரை. ஐயாட்டாவின் பயண மையப் பக்கத்திலும் சில விமான நிறுவனங்களின் பக்கங்களிலும் அதே தரவைப் பயணிகளும் இலவசமாகப் பார்க்க முடியும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. இப்போது டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறையும், புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு ஒருமுறையும் பார்த்துவிடுகிறேன். அதில் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது, கையில் என்னென்ன விசாக்கள், எங்கெங்கே மாறுகிறோம், எல்லாம் ஒரே டிக்கெட்டா என்பவற்றைத் தவறாமல் பதிய வேண்டும். மாறும் ஊர்களை விட்டுவிட்டுச் சேரும் ஊரை மட்டும் பதிந்தால், நான் செய்த தவறையே கணினியும் செய்யும்.

அன்று முதல் உறவிலும் நட்பிலும் வெளிநாடு போகிறவர்கள் எனக்கு டிக்கெட்டை அனுப்பிப் பார்க்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அவற்றில் இரண்டு பொறிகளை அடிக்கடி பார்க்கிறேன். முதலாவது, எங்கள் கதையின் மறுபக்கம்: பாரிசுக்கு ஷெங்கன் சுற்றுலா விசா வைத்துக்கொண்டு லண்டன் வழியாகப் போவது. அந்த விசா பிரிட்டனில் விமானம் மாறுவதற்கு விலக்குத் தராது. இந்தியர்கள் தனியாக ட்ரான்சிட் விசா வாங்க வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா போன்றவை இருந்தால் மட்டும் அங்கேயும் சலுகை. இரண்டாவது இன்னும் நுட்பமானது. பாஸ்டன் போகும் ஒருவர் சென்னையிலிருந்து பிராங்ஃபர்ட், அங்கிருந்து சூரிக், பிறகு பாஸ்டன் என்று டிக்கெட் எடுக்கிறார் எனக் கொள்வோம். கையில் அமெரிக்க விசா இருக்கிறது, ஆகவே கவலையில்லை என்று நினைப்பார். ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் ஷெங்கன் பகுதியைச் சேர்ந்தவை. பிராங்ஃபர்ட்டிலிருந்து சூரிக் போவது அந்தப் பகுதிக்குள் உள்நாட்டுப் பயணம் போன்றது. அதற்குப் பிராங்ஃபர்ட்டிலேயே எல்லைச் சோதனையைத் தாண்டி உள்ளே நுழைந்தாக வேண்டும். அமெரிக்க விசா தரும் சலுகை பன்னாட்டுப் பகுதிக்குள் இருப்பதற்குத்தான், நுழைவதற்கு அல்ல. அவருக்கு முழுமையான ஷெங்கன் விசா வேண்டும். அமெரிக்கா வழியாக வேறு நாட்டுக்குப் போகிறவர்களுக்கோ பேச்சே இல்லை. அங்கே விமானம் மாறுவதே நாட்டுக்குள் நுழைவதுதான்.

மான்செஸ்டருக்கு நாங்கள் பட்டமளிப்புக்கு முந்தைய மாலை போய்ச் சேர்ந்தோம். குளிரும் மழையும் சேர்ந்து வரவேற்றன. விழாவைப் பற்றி எழுத இது இடமில்லை.

2026 ஜனவரியில் ஜெர்மானியப் பிரதமர் இந்தியா வந்திருந்தபோது, இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் இனி ஜெர்மனி வழியாக ட்ரான்சிட் விசா இல்லாமல் விமானம் மாறலாம் என்ற அறிவிப்பு வெளியானது. மறுநாள் காலையிலேயே அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். அவருக்கு மீண்டும் இங்கிலாந்து போகும் திட்டம் இருந்தது.

"பார்த்தியா, இனிமே பிராங்ஃபர்ட் வழியாவே போகலாம். டிக்கெட் மலிவா இருக்கு, போட்டுடவா?" என்றார்.

"அறிவிப்பு சரிண்ணா. எந்தத் தேதியிலேர்ந்து நடைமுறைக்கு வருதுன்னு போட்டிருக்காங்க?" என்று கேட்டேன்.

மறுமுனையில் செய்தித்தாளைப் புரட்டும் ஓசை சிறிது நேரம் கேட்டது. பிறகு, மதியம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.